வாலிபால் கிளப்பில் சேர்ப்பதற்கு முன்னால்...

போன வாரம் அக்கா செஞ்சியிலிருந்து போன் பண்ணியிருந்தாள். அவ பையன் எட்டாவது படிக்கிறான். வாலிபால் கிளப்புல சேரணும்னு ஒரே அடம். மாமா வழக்கம்போல "படிப்பு கெட்டுடும்"ங்கிறார். "நீதான் ஆடினவனாச்சே, நீயே சொல்லு"ன்னு அக்கா பந்தை என் பக்கம் தட்டி விட்டுட்டா. போன்ல சொல்லி முடியலை. அதான் இந்தப் பதிவு.

செஞ்சிக்காரன் சரித்திரம் பேச ஆரம்பிச்சா, 1714ல் ஆற்காடு நவாபை எதிர்த்து செத்துப்போன ராஜா தேசிங்குல ஆரம்பிச்சு அங்கேயே முடிச்சிடுவான் :-) நான் கொஞ்சம் தள்ளி, 1895க்குப் போறேன்.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக்னு ஒரு ஊர். அங்க ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் வில்லியம் மார்கன். அவர்கிட்ட வந்தவங்கள்ல நிறைய பேர் நடுத்தர வயசு வியாபாரிகள். 1891ல் நைஸ்மித் கண்டுபிடிச்ச பாஸ்கெட்பால் அவங்களுக்கு மூச்சு முட்டுச்சு. இடிபடாம, விழுந்து புரளாம ஆட ஒரு ஆட்டம் வேணும். டென்னிஸ் வலையை ஆறரை அடி உயரத்துல கட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தைத் தட்ட விட்டார். முதல்ல வச்ச பேர் மின்டோனெட். அடுத்த வருஷமே அது வாலிபால் ஆயிடுச்சு. எகிறிக் குதிச்சு அடிக்கிற ஸ்மாஷ் எல்லாம் அப்போ கிடையாது. அது 1916 வாக்குல பிலிப்பைன்ஸ்ல சேர்ந்த சமாச்சாரம். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

நைஸ்மித், மார்கன் ரெண்டு பேரும் படிச்சது ஸ்பிரிங்ஃபீல்டுங்கிற ஊர்ல இருந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில். அதே கல்லூரியில படிச்ச ஹாரி குரோ பக், மெட்ராஸ் வந்து 1920ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சார். இப்போ நந்தனத்துல இருக்கே, அதேதான். அவர் உருவாக்கினது ஆட்டக்காரர்களை இல்லை, வாத்தியார்களை. அப்படிப் படிச்சு வந்த டிரில் மாஸ்டர்கள்தான் இந்த மாதிரி ஆட்டங்களை நம்ம பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டு வந்தாங்க. ரெண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, 18 மீட்டருக்கு 9 மீட்டர் இடம். பன்னெண்டு பேர் ஆடலாம். கிராமத்துக்கு இதைவிட மலிவான ஆட்டம் ஏது? (கபடியைச் சொல்லாதீங்க, அதுக்கு பந்தே வேண்டாம்!)

இந்தியாவில் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி 1936ல் லாகூர்ல ஆரம்பிச்சுது. 1951ல் வாலிபால் சம்மேளனம் வந்துது. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுல வெண்கலம், 1962 ஜகார்த்தாவுல வெள்ளி, 1986 சியோல்ல மறுபடி வெண்கலம். நம்ம ஜி.இ. ஸ்ரீதரன் 1982ல் அர்ஜுனா விருதும், பயிற்சியாளரா 2007ல் துரோணாச்சார்யா விருதும் வாங்கினார்.

சரி, இப்போ என் கதை. ராஜகிரிக்குப் பின்னாடி சூரியன் இறங்குற நேரத்துல ஆடி வளர்ந்தவன் நான். பொங்கலுக்கு லைட் போட்டு நடத்துற நைட் மேட்ச் ஒண்ணு விடமாட்டோம். பன்னெண்டாவது முடிச்சு இன்ஜினியரிங் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காக சென்னை போனப்போ என்கிட்ட ஏழு சர்டிபிகேட் இருந்துச்சு. அப்பா ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் உறையில போட்டு ஃபைல் பண்ணி வச்சிருந்தார். அதுல ஒண்ணு கூட செல்லலை. எல்லாமே ஊர் டோர்னமென்ட் சர்டிபிகேட். கணக்குல வர்றது பள்ளிக் கல்வித்துறையும் அங்கீகாரம் உள்ள சங்கங்களும் நடத்துற போட்டிங்கதான்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. கிளப்புல எவரும் சொல்லவும் இல்லை. திரும்பி வர்ற பஸ்ல திண்டிவனம் வரைக்கும் அப்பா அந்த ஃபைலை மடியிலேயே வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசலை.

அதனால அக்கா, மாமாவுக்கும் சேர்த்துச் சொல்றேன்:

ஒண்ணு, கிளப் அலமாரியில இருக்கிற கோப்பையை எண்ணாதீங்க. சொல்லிக் கொடுக்கிறவர் யாரு, உடற்கல்வி படிச்சவரான்னு கேளுங்க.

ரெண்டு, வலை. ஆம்பளைங்களுக்கு 2.43 மீட்டர், பொம்பளைங்களுக்கு 2.24. இதெல்லாம் பெரியவங்க கணக்கு. சின்னப் பசங்களுக்கு இறக்கிக் கட்டணும். முதல் வருஷம் பாஸும் சர்வீஸும் போதும். ஸ்மாஷ் இல்லாமலேயே இந்த ஆட்டம் இருபது வருஷம் ஓடியிருக்குன்னு சொன்னேன் இல்லையா? தினமும் கட்டாந்தரையில குதிச்சா முழங்கால் சிப்பிக்குக் கீழ வலி வரும். "பழகிடும்"னு சொல்ற கோச் வேண்டாம்.

மூணு, சேர்க்கும்போதே கேளுங்க: மாவட்ட சங்கத்துல பதிவு இருக்கா? பையனை ஸ்கூல் டீமுக்கும் விடுவீங்களா? குடியரசு தின விளையாட்டுப் போட்டியில ஸ்கூல் சார்பா ஆடுறதை, எந்த நைட் மேட்ச்சுக்காகவும் விடக்கூடாது. பிறப்புச் சான்றிதழை இப்பவே சரி பார்த்து வைங்க.

நாலு, பொண்ணைச் சேர்க்கிறவங்க உடை மாத்த இடம், பாத்ரூம், வெளியூர் போனா கூட வர்ற பெண் யாருன்னு கேக்கக் கூச்சப்படாதீங்க. இருக்குன்னா தைரியமா அனுப்புங்க. ஒலிம்பிக்ஸ்ல பெண்களுக்குன்னு வந்த முதல் குழு ஆட்டமே வாலிபால்தான், 1964ல்.

அஞ்சு, இதை மட்டுமே நம்பி இருக்காதீங்க. நிர்வாகச் சண்டையில 2016ல் சர்வதேச சம்மேளனம் இந்திய சம்மேளனத்தையே சஸ்பெண்ட் பண்ணுச்சு. மேல இருக்கிறவங்க அடிச்சுக்கிட்டா தவிக்கிறது ஆடுற பசங்கதான்.

இவ்வளவும் சொன்னப்புறமும் பையனைச் சேர்த்து விடுங்கன்னுதான் சொல்வேன். ஆபீஸ்ல நாள் முழுக்க உக்காந்து முதுகு பிடிச்சிக்கிற இந்த வயசுல, மார்கன் இந்த ஆட்டத்தை யாருக்காகக் கண்டுபிடிச்சார்னு எனக்கு நல்லா புரியுது. சனிக்கிழமை சாயங்காலம் இன்னமும் ஆடுறேன்.

பி.கு: மாமா, வாரத்துல ஒரு நாளாவது கிரவுண்டு ஓரமா போய் நில்லுங்க. அப்பா வந்து நின்ன நாள்ல நான் ஒரு சர்வீஸ் கூட வலையில அடிச்சதில்லை.