தலாப்பியா மீனின் மூளையில் பருவ வயதின் சாவி: நரம்பியல் அறிஞர் இஷ்வர் பார்ஹாரின் ஆய்வுப் பயணம்

பிரிக்பீல்ட்ஸ் கே.எல். செண்ட்ரலில் கிள்ளான் துறைமுகம் செல்லும் கொமுட்டர் ரயிலில் ஏறினால் வழியில் செத்தியா ஜெயா நிலையம் வரும். அங்கே இறங்கி பி.ஆர்.டி. பேருந்தில் மாறினால் சில நிமிடங்களில் சன்யூ-மொனாஷ் நிலையம். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கக் குட்டைகள் நிறைந்திருந்த சுங்கை வே நிலத்தில் எழுந்த பண்டார் சன்வேயில்தான் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் உள்ளது. 1998-இல் தொடங்கப்பட்ட இது, நாட்டின் முதல் வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகம்.

இங்குள்ள மூளை ஆய்வுக் கழகத்தைத் தலைமையேற்று நடத்தியவர் பேராசிரியர் இஷ்வர் பார்ஹார். மூளை ஆய்வு என்றதும் பெரிய ஸ்கேன் இயந்திரங்கள்தான் நம் நினைவுக்கு வரும். இவரது பெயரை உலக ஆய்விதழ்களில் நிலைநிறுத்தியதோ, கிள்ளான் பாசாரில் நாம் கிலோ கணக்கில் வாங்கும் தலாப்பியா மீன். தமிழ்நாட்டில் இதையே ஜிலேபிக் கெண்டை என்பார்கள்.

பிள்ளை எப்போது வயதுக்கு வருகிறது, அதை மூளையின் எந்த அணு தீர்மானிக்கிறது, அந்த அணுவுக்குச் செய்தி சொல்வது எது? இந்தக் கேள்விகளைச் சுற்றியே பார்ஹாரின் ஆய்வுகள் அமைந்தன.

மூக்கில் பிறந்து மூளைக்கு நடக்கும் அணுக்கள்

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள சில நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. 10 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு மூலக்கூறு அது. பிட்யூட்டரி சுரப்பியை அது தட்டி எழுப்ப, பிட்யூட்டரி சூலகத்தையும் விரைகளையும் எழுப்புகிறது. பெண் பிள்ளை பூப்படைவதும் ஆண் பிள்ளைக்குக் குரல் உடைவதும் இந்தச் சங்கிலியால்தான். இதன் அமைப்பை 1971-இல் கண்டறிந்த ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கிலெமின் ஆகிய இருவரும் 1977-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கோடிக்கணக்கான அணுக்கள் உள்ள மனித மூளையில் இந்த வேலைக்கென்று இருப்பவை சில ஆயிரம்தான். அதைவிட வியப்பு, அவை மூளையில் பிறப்பதே இல்லை. கருவில் மூக்கு உருவாகும் இடத்தில் தோன்றி, மோப்ப நரம்பின் வழியே ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேருகின்றன. இதை 1989-இல் எலிக் கருக்களில் காட்டியவர்கள் மார்லின் ஷ்வான்செல்-ஃபுகுடா, டொனால்ட் பாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள். அவர்களோடு சேர்ந்து பார்ஹார் 1995-இல் சாக்கை சால்மன் மீனின் கருவில் இதே அணுக்களின் வளர்ச்சியை விவரித்தார்.

இந்தப் பயணம் பாதியில் நின்றுபோன பிள்ளைகளும் உண்டு. கால்மன் நோய்க்குறி உள்ளவர்களுக்குப் பருவமும் வராது, வாசனையும் தெரியாது. பதினைந்து, பதினாறு வயதாகியும் உடல் மாறாத பிள்ளையிடம் “மல்லிகை மணக்கிறதா, சம்பல் வதக்கும் நெடி மூக்கில் ஏறுகிறதா?” என்று மருத்துவர் கேட்டால் அது விளையாட்டுக் கேள்வி அல்ல.

செய்தியும் ஏற்பியும்

ஒரு அணு அனுப்பும் செய்தியை இன்னொரு அணு வாங்கும் இடத்துக்கு ‘ஏற்பி’ என்று பெயர். தமிழில் அமைந்த நல்ல கலைச்சொற்களில் இதுவும் ஒன்று. ஏற்பது எதுவோ அது ஏற்பி. அணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஒரு பெரும் குடும்பம் இந்த ஏற்பிகளில் உண்டு. வெளிப்பக்கம் ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் சற்றே மாறும். உள்பக்கம் காத்திருக்கும் ஜி புரதம் அதை உணர்ந்து அடுத்த வேலையைத் தொடக்கும். ஹார்மோன் உள்ளே போவதில்லை. வாசலில் மணி அடித்தால் அடுப்படியில் இருப்பவர் எழுந்து வருவது போலத்தான். இந்தக் குடும்பத்து ஏற்பிகளை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். இன்று மருந்துக் கடையில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஏற்பிகளில்தான் வேலை செய்கின்றன.

மணியை எப்படி அடிக்கிறோம் என்பதும் முக்கியம். ஜி.என்.ஆர்.எச். விட்டுவிட்டு, சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை துடிப்பாகச் சுரந்தால்தான் பிட்யூட்டரி கேட்கும். எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978-இல் குரங்குகளில் இதைக் காட்டியது. ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி அடங்கிப்போனது. துடிப்புத் துடிப்பாகச் செலுத்தியபோது மீண்டும் விழித்தது. ஓயாமல் மணி அடித்தால் வீட்டுக்காரர் மணியையே கழற்றி வைத்துவிடுவார் அல்லவா, அணுவும் தன் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

புரோஸ்டேட் புற்றுநோய் வந்த முதியவர்களுக்கு மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடப்படும் ஊசிகள் பல இந்த உத்தியில் இயங்குபவை. முதல் ஒன்றிரண்டு வாரம் ஆண் ஹார்மோன் சற்றுக் கூடும். பிறகு அடியோடு இறங்கும். தொடக்கத்தில் வலி கூடினால் “ஊசி ஒத்துக்கொள்ளவில்லை” என்று நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சாக்லேட்டின் பெயர் பெற்ற மரபணு

1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில், தோல் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் மரபணு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஊர் சாக்லேட்டுக்குப் பேர்போனது. ஊரின் ‘கிஸ்’ சாக்லேட்டை நினைவில் வைத்து மரபணுவுக்கும் கிஸ் 1 என்று பெயரிட்டார்கள். அதிலிருந்து உருவாகும் கிஸ்பெப்டின், ஜி.பி.ஆர். 54 என்ற ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்பது 2001-இல் தெரியவந்தது. அதுவரை இது புற்றுநோய்க் கதைதான்.

2003-இல் கதை திசை மாறியது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள், நெருங்கிய உறவில் மணம் செய்த குடும்பங்களில் பருவமே வராத பிள்ளைகளை ஆராய்ந்தன. இரண்டு குழுக்களும் கண்ட பழுது ஒன்றே: ஜி.பி.ஆர். 54 ஏற்பியின் மரபணு. அப்படியானால் இந்த ஏற்பி எங்கே இருக்கிறது? ஜி.என்.ஆர்.எச். அணுவிலேயேவா, வேறு எங்காவதா?

தோக்கியோவின் நிப்பான் மருத்துவக் கல்லூரியில் அப்போது பணியாற்றிய பார்ஹார், சத்தோஷி ஒகாவா, யாசுவோ சக்குமா ஆகியோருடன் இதற்கு விடை தேடினார். தலாப்பியாவின் மூளையில் மூன்று வகை ஜி.என்.ஆர்.எச். அணுக்கள் தனித்தனி இடங்களில் இருப்பது வசதியாக அமைந்தது. மூளைத் திசுவைச் சீவி, அடையாளமிட்ட அணுக்களை நுண்ணோக்கியின் கீழ் லேசர் கதிரால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அந்த ஓர் அணுவுக்குள் எந்த மரபணு இயங்குகிறது என்று பார்த்தார்கள். நெல் மூட்டையில் ஒரு மணியை எடுத்து உமி நீக்கிப் பார்க்கும் வேலை. ஜி.பி.ஆர். 54 அந்த அணுக்களுக்குள்ளேயே இருந்தது. 2004-இல் ‘எண்டோகிரைனாலஜி’ இதழில் இது வெளிவந்தது. கிஸ்பெப்டின் நேராக ஜி.என்.ஆர்.எச். அணுவின் வாசலிலேயே மணி அடிக்க முடியும் என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் இது ஒன்று. மறு ஆண்டு இதே முறையில் பிட்யூட்டரியின் தனி அணுக்களில் மூன்று வகை ஜி.என்.ஆர்.எச். ஏற்பிகளை இக்குழு காட்டியது.

இதே ஏற்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் என்ன ஆகும் என்பதும் 2008-இல் தெரிந்தது. வயதுக்கு முன்பே பருவமடைந்த ஒரு சிறுமியிடம், செய்தி வந்தபின் அணைய மறுக்கும் ஜி.பி.ஆர். 54 இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

நம் வீடுகளில் இது மனத்தை அறுக்கும் விஷயம். சடங்கு வைக்கும் வயது தாண்டியும் மகள் பெரியவளாகவில்லை என்றால், தோட்டமோ டவுனோ, வெளியே சொல்லத் தாய்க்கு நாக்கு எழாது. செய்வினை, கண்ணேறு என்று ஆண்டுகள் ஓடிவிடும். மருத்துவம் வைத்திருக்கும் எல்லைக்கோடு தெளிவானது. பெண் பிள்ளைக்கு 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, ஆண் பிள்ளைக்கு 14 வயதாகியும் பருவ மாற்றம் இல்லை என்றால் சோதிக்க வேண்டும். பெண்ணுக்கு 8, ஆணுக்கு 9 வயதுக்கு முன்பே மாற்றம் தொடங்கினாலும் அப்படியே. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் காட்டினால் அங்கிருந்து நிபுணரிடம் அனுப்புவார்கள். தாமதமாகப் பருவமடையும் பிள்ளைகள் பலர் எந்தக் கோளாறும் இல்லாமல் தாமாகவே வளர்ந்துவிடுபவர்கள். அதையும் சோதனைதான் சொல்லும்.

பயத்தை அடக்கும் வரிக்குதிரை மீன்

சன்வேயில் பார்ஹாரின் குழு கையில் எடுத்தது வரிக்குதிரை மீனை. கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழும், விரல் நீளம்கூட இல்லாத இந்த மீனுக்குக் கிஸ் மரபணு இரண்டு உண்டு. கிஸ் 2 இனப்பெருக்க வேலையைப் பார்க்கிறது. கிஸ் 1 இருப்பதோ மூளையின் ஹபெனுலா என்ற பகுதியில், இனப்பெருக்கத்துக்குச் சம்பந்தமில்லாத இடத்தில். அங்கே அதற்கு என்ன வேலை?

ஒரு மீன் காயப்பட்டால் அதன் தோலிலிருந்து கசியும் பொருள் மற்ற மீன்களைக் கிலி கொள்ளச் செய்யும். தேனீக்களின் நடனத்தைப் புரிந்துகொண்ட கார்ல் வான் ஃபிரிஷ் 1930-களில் கவனித்தது இது. அந்தப் பொருளைத் தொட்டியில் விட்டபோது, மிரண்ட மீன்களில் கிஸ் 1 குறைந்தது; மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் சார்ந்த மரபணுக்களும் குறைந்தன. கிஸ் 1 பெப்டைடைச் செலுத்தியபோது பயம் தணிந்தது. ஒகாவா, ஃபாத்திமா நாதன், பார்ஹார் மூவரும் 2014-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் இதை வெளியிட்டனர்.

இந்த ஆய்வில் ஒரு முடிச்சும் உண்டு. கிஸ் 1-ஐ சபோரின் என்ற தாவர நஞ்சோடு பிணைத்து அனுப்பி, அதன் ஏற்பி உள்ள அணுக்களை முடக்கிப் பார்த்தார்கள். பயம் கூடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மூன்று நாள் கழித்து அந்த மீன்களிடமும் பயம் குறைந்தே இருந்தது. ஹபெனுலாவிலிருந்து செரடோனின் சுரக்கும் ராஃபே பகுதிக்குச் செல்லும் பாதை, சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் என்பது போல அவ்வளவு எளிதானதல்ல.

மன உளைச்சலுக்கு இன்று தரப்படும் மாத்திரைகளில் பல செரடோனினைக் குறிவைப்பவை என்பதால் மருத்துவ உலகம் ஹபெனுலாவை உன்னிப்பாகப் பார்க்கிறது. மீனில் கண்டதை வைத்து மனிதருக்குக் கிஸ்பெப்டின் மாத்திரை வந்துவிடவில்லை. இப்போது மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.