தாய்த்தண்டு இல்லாத ஆலமரம்

கல்லால் நீழலில் வீற்றிருந்து நால்வர்க்கு மோனத்தால் உபதேசம் அருளிய பெருமானைத் தொழும் நாம், ஆலமரம் ஒன்றின் வரலாற்றை ஈண்டுச் சிறிது சிந்திப்போம். ஆலந்துறை எனப் பெயர்பெற்ற திருப்பழுவூரில் ஆலே தலவிருட்சம் ஆதலின், இச்செய்தி நமக்கு அயலன்று.

கல்கத்தாவை அடுத்த ஹௌராவில், ஹூக்ளி நதிக்கரையில், 1787ஆம் ஆண்டு தாவரத் தோட்டம் ஒன்று நிறுவப்பெற்றது. அங்குள்ள பேராலமரம் 1864, 1867ஆம் ஆண்டுகளில் வீசிய பெரும்புயல்களிற் கிளை முறிந்து புண்பட்டது. அப்புண்வழியே பூஞ்சணம் புகுந்தது. நாளடைவில் 50 அடிக்கு மேற்பட்ட சுற்றளவுடைய தாய்த்தண்டே அழுகிற்று. மரத்தை அப்படியே விடுவதா, வீழ்த்துவதா? தோட்டத்தார் இரண்டும் செய்திலர். 1925இல் தாய்த்தண்டை மட்டும் அறுத்து அகற்றினர்.

அடியை அறுத்தபின் மரம் ஏது என்று கேட்கத் தோன்றும். ஆலின் இயல்பு வேறு. கிளையினின்று இறங்கும் விழுது மண்ணில் வேரூன்றியதும் தானே தண்டாகி, நீரும் ஊட்டும், பாரமும் தாங்கும். இன்று அம்மரம் 3,000க்கு மேற்பட்ட விழுதுகளின்மீது 4 ஏக்கருக்கு மேல் பரந்து நிற்கின்றது. சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலும் 1989இல் புயலால் தாய்த்தண்டு சாய்ந்தபின் விழுதுகளாலேயே வாழ்கின்றது.

திருப்பணி தொடங்கும் ஊர்களில், பொந்து விழுந்தது என்னும் ஒன்றே காரணமாகத் தலவிருட்சத்தை வெட்டத் துணிவோர் உளர். பொந்து விழுந்ததெல்லாம் பட்டமரம் அன்று. நடுவைரம் உளுத்தும், பட்டையை ஒட்டிய பகுதியால் மரம் உயிர் வாழும். அழுகல் எங்கே, பாரம் எதன்மேல் என்று மரமறிந்தாரைக்கொண்டு முதலிற் பார்ப்பித்தல் வேண்டும். அடியார் கூடுமிடத்தில் சாயும் நிலையிலுள்ள மரத்தைப் பக்தியின் பெயரால் விட்டுவைத்தலும் தகாது. வில்வத்திற்கும் வன்னிக்கும் விழுதில்லை. ஆலுக்குச் செய்த சிகிச்சை அவற்றுக்குப் பொருந்தாது.