சுப்பிரமணிய சிவனார்: ஒரு மறு ஆராய்ச்சி

பெரியோர் வரலாற்றை ஆராயப் புகுவார், அவர் பேசியவற்றை மட்டுமன்றிச் செய்தவற்றையும் பொறுத்தவற்றையும் அளந்து காண்டல் வேண்டும். அவ்வாறு நோக்குங்கால், நம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925-ம் வருடம் ஜூலை 23-ந் தேதி உயிர் நீத்த சுப்பிரமணிய சிவனாரை நாம் இன்னும் முழுதும் அறிந்தோமில்லை என்பது புலனாகும். சிதம்பரனாரின் துணைவர், சொல்வன்மை மிக்கவர் என்னும் அளவிலேயே அவர் புகழ் நின்றுவிட்டது.

1884-ம் வருடம் அக்டோபர் 4-ந் தேதி வத்தலக்குண்டிற் பிறந்த இவர், 1908-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரோடு கூடிநின்றார். அவ்வாண்டு பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்க, இருவரும் அவர்க்கு ஊக்கமளித்தனர்; தொழிலாளர் ஊதிய உயர்வு பெற்றனர். மார்ச்சு 12-ந் தேதி இருவரும் சிறைப்பட்டனர். நீதிபதி பின்ஹே ஜூலை 7-ந் தேதி சிவனார்க்குப் பத்தாண்டு தீவாந்தர தண்டனை விதித்தார். சிதம்பரனார்க்கு விதித்த இரண்டு ஆயுள் தண்டனைகளுள் ஒன்று, சிவனார்க்கு உதவிய குற்றத்திற்காக என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மேல்முறையீட்டில் சிவனாரின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. 1912-ல் விடுதலை பெற்றார். ஆயினும் சிறையிற் பற்றிய தொழுநோய் அவரை விடுதலை செய்யவில்லை.

மறு ஆராய்ச்சி இங்கேதான் தொடங்கல் வேண்டும். நோயுற்ற பின்னரே அவர் 1913-ல் 'ஞானபாநு' இதழைத் தொடங்கினார். பாரதியாரும் சிதம்பரனாரும் அதில் எழுதினர். வடசொற் கலவாத தமிழ் எழுதுவார்க்கு ஐந்து ரூபாய் பரிசளிப்பதாகவும் அதில் அறிவித்தார். நோய் காரணமாக இரயிலில் ஏறத் தடையுண்டானபோது கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊரூராகச் சென்று பேசினார். மீண்டும் சிறை புகுந்தார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். அங்கே பாரத மாதா கோயிலுக்கு 1923-ல் சித்தரஞ்சன் தாசர் அடிக்கல் நாட்டினார். கோயில் முற்றுப்பெறுமுன் சிவனார் மறைந்தார். அப்போது அவர்க்கு வயது நாற்பதே.

நாட்டைத் தெய்வமாக்கிப் போற்றிய அவர் நெறி எல்லார்க்கும் உடன்பாடன்று. அதனை ஆராய்தல் குற்றமுமன்று. ஆயின், உடல் அழியவும் கடமை அழியாது நின்ற அவர் உறுதியை மறுப்பார் யாருமிலர்.

அன்பர்காள்! ஒரு தலைவர் பெயரைக் கேட்டவுடன், 'அவர் நம்மவரா?' என வினவும் வழக்கம் நம்மிடையும் உண்டு. சிதம்பரனார் வேளாளர், சிவனார் அந்தணர். ஒருவர்க்கு உதவியதற்காக மற்றவர் ஆயுள் தண்டனை ஏற்றார். ஆலைத் தொழிலாளர் துயர் கண்டு இருவரும் ஒருங்கே எழுந்தனர். இவ்வரலாற்றின்முன் அவ்வினா நிற்குமோ? சங்கம் கூடுதல் தக்கதே. ஆனால் சங்கத்தின் எல்லையே மனத்தின் எல்லையாகிவிடுதல் தகாது.

நம் சிறார்க்குப் பாப்பாரப்பட்டி நினைவிடத்தைக் காட்டுங்கள். தொழுநோய் இன்று மருந்தால் தீர்வது என்பதையும், அந்நோயாளரை வெறுத்தல் அறியாமை என்பதையும் உடன் கூறுங்கள். சிவனார்க்கு மாலை சூட்டி, அவரைப் போல் நோயுற்றாரை வாயிலிலே நிறுத்துவோமாயின், அம்மாலை வெறும் நாரேயாகும்.