நெருக்கமும் இடைவெளியும்

மூன்று பேர் உட்காரும் ரயில் பலகையில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் ஒரு சௌகரியம் உண்டு. வண்டி எப்படிக் குலுங்கினாலும் யாரும் விழுவதில்லை. ஆனால் புழுக்கத்தை யாரால் தாங்க முடியும்? வண்டிகளில் ஏறிய மின்சார பாட்டரியின் சரித்திரமும் ஏறக்குறைய இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்சார மோட்டார் வண்டிகள் நிறைய ஓடின. அவற்றில் இருந்தது காரீய பாட்டரி. கனமோ அதிகம், கரடுமுரடான ரோட்டில் அதிர்ச்சி தாங்காது. இதற்கு மாற்றுத் தேடப் புறப்பட்டார் தாமஸ் எடிசன். காரீயத்தையும் அமிலத்தையும் தள்ளிவிட்டு, நிக்கலையும் இரும்பையும் பொட்டாஷ் காரத்தில் அமிழ்த்தி, எஃகுப் பாத்திரத்தில் அடைத்தார். 1903-ல் விற்பனை தொடங்கியது. மறு வருஷமே வந்தது அவமானம்! குலுக்கலில் பற்றவைத்த மூட்டுகள் விட்டுக் கசிந்தன, சக்தியும் குறைந்தது. உலகமே கொண்டாடிய மனிதர் உற்பத்தியை நிறுத்தினார். விற்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு ஐந்து வருஷத் தவம். செல்களை லட்சக்கணக்கான தடவை தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள். மாடி ஜன்னலிலிருந்தும் எறிந்தார்கள் என்பார்கள். 1909-ல் வெளிவந்த புதிய செல்லின் எஃகுப் பாத்திரத்தின் பக்கங்கள் நெளிநெளியாக மடிந்திருந்தன. மெல்லிய தகட்டுக்கு அந்த நெளிவே பலம். செல்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கவில்லை. பாத்திரத்தின் பக்கத்துக் குமிழ்களைப் பிடித்து மரச்சட்டத்தில் தொங்கவிட்டார்கள். நடுவே இடைவெளி. பாத்திரங்கள் உராய்ந்தால் மின்சாரம் தடம் மாறிவிடும் என்பது ஒரு காரணம். அந்த இடைவெளியிலே காற்றும் புகுந்து சூட்டைத் தணித்தது. பிடிப்பும் விடவில்லை, மூச்சும் முட்டவில்லை!

அதற்குள் பெட்ரோல் வண்டி முந்திக்கொண்டுவிட்டது. எடிசனின் செல் சுரங்கங்களிலும் ரயில்களிலும் பல பத்தாண்டுகள் அடக்கமாக உழைத்தது.

நூறு வருஷம் கழிந்தது. பாடம் மறந்ததோ என்னவோ, 2013 ஜனவரி 7-ந் தேதி பாஸ்டன் விமான நிலையத்தில் நின்றிருந்த ஒரு போயிங் 787 விமானத்தின் பாட்டரியிலிருந்து புகை கிளம்பியது. அது எட்டு லித்தியம் செல்களை நெருக்கி வைத்த பெட்டி. ஒரு செல் கொதித்தது, அதன் சூடு அடுத்ததைக் கொளுத்தியது, அது அதற்கடுத்ததை! ஒன்பதே நாளில் ஜப்பானில் இன்னொரு விமானம் புகையோடு அவசரமாகத் தரையிறங்கியது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்த ரகத்தில் அப்போது பறந்துகொண்டிருந்த ஐம்பது விமானங்களும் முடங்கிக் கிடந்தன. செல்களுக்கு நடுவே கூடுதல் தடுப்பு வைத்து, எஃகுப் பெட்டியில் பூட்டி, புகை வெளியேறத் தனிக் குழாயும் போட்ட பிறகே, ஏப்ரலில் மீண்டும் பறந்தன.

சேர்ந்திருப்பதே பலம் என்று படித்திருக்கிறோம். வாஸ்தவந்தான். ஆனால் எவ்வளவு விலகியிருந்து சேர்வது என்பதிலேதான் இருக்கிறது சாமர்த்தியம். செல்லுக்கு மட்டுமா இது?