பீப் சத்தத்துக்குப் பிறகு

1997இல் நியூஜெர்சியின் எடிசன் நகரத்தில் நாங்கள் குடிபுகுந்த வாடகை வீட்டில் புதிதாகக் கடையில் வாங்கியவை மூன்றே பொருள்கள்: மெத்தை, ரைஸ் குக்கர், டிஜிட்டல் ஆன்சரிங் மெஷின். மற்றதெல்லாம் இந்தியாவுக்குத் திரும்பிப் போனவர்கள் விட்டுச்சென்றவை. மெத்தையும் குக்கரும் எதற்கென்று தெரியும். மெஷின் எதற்கென்றுதான் எனக்குப் புரியவில்லை. நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். எச்-1பி விசாவில் கணினி வேலைக்கு வந்த ஆண்களின் மனைவிகளுக்கு எச்-4 விசா. அதில் வேலை பார்க்கக் கூடாது. (அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அனுமதி கிடைக்க 2015 ஆனது.) போன் எடுக்க ஆள் இருக்கிற வீட்டில் போன் எடுக்க மெஷின் எதற்கு என்று கேட்டேன்.

"நீ குளிக்கப் போயிருந்தா?" என்றார் கணவர்.

வரவேற்புச் செய்தியை அவரே பதிவு செய்தார். இது இன்னாருடைய வீடு, நாங்கள் இப்போது பேச முடியாத நிலையில் இருக்கிறோம், பீப் சத்தத்துக்குப் பிறகு பேசுங்கள் என்று ஆங்கிலத்தில். அந்த "நாங்கள்" என்ற சொல்லுக்குள் நான் எங்கோ இருந்தேன். என் பெயர் இல்லை.

போன் எடுப்பது எப்போது பெண்ணின் வேலை ஆனது என்பதைப் பிற்பாடு அங்கே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் முதல் எக்ஸ்சேஞ்சுகளில் இணைப்புக் கொடுத்தவர்கள் விடலைப் பையன்கள். அழைத்தவர்களை எதிர்த்துப் பேசினார்கள், வேலை நேரத்தில் கூத்தடித்தார்கள். 1878 செப்டம்பர் 1ஆம் தேதி பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் முதல் பெண் ஆபரேட்டர். அதற்குப் பிறகு அந்த நாற்காலி பெண்களுக்கென்றே ஆகிவிட்டது. பெண்ணுக்குப் பொறுமை உண்டு, குரல் இனிமை, சம்பளம் குறைவு. இந்த மூன்றில் முதல் இரண்டைத்தான் நிறுவனங்கள் வெளியில் சொல்லிக்கொண்டன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதே வேலைக்கு இன்னொரு வடிவம் வந்தது. டாக்டர்கள், நடிகர்கள், சிறு வியாபாரிகள் மாதக் கட்டணம் கட்டிவிடுவார்கள். அவர்கள் இல்லாதபோது வரும் அழைப்புகளை எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எடுத்து, செய்தியைக் குறித்துவைத்துச் சொல்வார்கள். 1956இல் பிராட்வேயில் வெற்றிபெற்ற 'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' நாடகத்தில் ஜூடி ஹாலிடே நடித்தது அப்படிப்பட்ட ஒரு பெண்ணாகத்தான். ஊரார் செய்திகளையெல்லாம் கேட்டுக் கேட்டு, அவர்கள் வாழ்க்கைக்குள் தலையிடாமல் இருக்க முடியாதவளாக.

மெஷினும் பெண்ணாகவே பிறந்தது. 1940களின் கடைசியில் மில்வாக்கியில் ஜோசப் ஸிம்மர்மேன் உருவாக்கிய கருவியின் பெயர் 'எலக்ட்ரானிக் செக்ரட்டரி'. ஓர் இசைத்தட்டு வரவேற்புச் செய்தியைச் சொல்லும், காந்தக் கம்பி வந்த செய்தியைப் பதிவு செய்யும். அதற்கும் வெகு முன்னால், 1898இலேயே டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சென் கம்பியில் குரலைப் பிடித்துவைக்கக் கண்டுபிடித்திருந்தார். 1930களில் பெல் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் செய்திகளைப் பதிவு செய்யும் கருவியைச் செய்தே காட்டிவிட்டார். ஏடி&டி நிறுவனம் அதை அமுக்கிவைத்தது. பேசுவது பதிவாகும் என்று தெரிந்தால் ஜனங்கள் போனையே விட்டுவிடுவார்கள் என்று அதன் அதிகாரிகள் பயந்தார்கள். மார்க் கிளார்க் என்ற வரலாற்றாய்வாளர் 1993இல் இதை எழுதியபோதுதான் விஷயம் பரவலாகத் தெரிந்தது. தன் லைனில் பிறர் கருவியை மாட்டக் கூடாது என்ற அந்த நிறுவனத்தின் பிடி 1968இல் 'கார்ட்டர்ஃபோன்' தீர்ப்பில் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் மெஷின்கள் வீடுகளுக்குள் சகஜமாக நுழைந்தன. 

இந்தப் பயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவாகிவிடும் என்ற பயம் யாருக்கு, பதிவாகட்டும் என்ற நிம்மதி யாருக்கு என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

எங்கள் மெஷினில் டேப் கிடையாது. குரலை எண்களாக மாற்றி, சுருக்கி, ஒரு சில்லில் வைத்துக்கொள்ளும். மொத்தமே கால் மணி நேரத்துக்குள்தான் கொள்ளும். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஓர் ஆண் குரல் கிழமையையும் மணியையும் சொல்லும். டேப் என்றால் சுற்றிச் சுற்றித் தேட வேண்டும். இதில் பொத்தானை அமுக்கினால் நேரே மூன்றாவது செய்திக்குப் போகலாம். நடுவிலிருக்கும் ஒன்றை மட்டும் அழித்தால் மற்றவை நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். ஒன்று இருந்த சுவடே இருக்காது. வீட்டில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு முறை படித்தேன்.

மெல்ல மெல்ல அதன் அருமை எனக்குப் புரிந்தது. எங்கள் விருதுநகர் வீட்டில் போன் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். மூன்றாவது மணிக்குள் எடுக்காவிட்டால் "அப்படி என்ன பண்ணிட்டிருந்தே?" இங்கே மணி அடிக்கும், மெஷின் எடுக்கும், பேசுகிறவரின் குரல் கூடத்தில் ஒலிக்கும். நான் வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டு நிற்பேன். வேண்டும் என்றால் எடுப்பேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன். வீட்டில் இருந்துகொண்டே வீட்டில் இல்லாமல் இருக்கலாம்! கல்யாணமான ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமியார் மட்டும் மெஷினை அடியோடு வெறுத்தார். ஐ.எஸ்.டி. பூத்தில் சிவப்பு எண்கள் ஓட ஓட, மகனுடைய குரல் என்று நினைத்துப் பேச ஆரம்பித்துவிட்டு, பீப் கேட்டதும் திட்டுவார். மெஷின் எடுத்தாலும் காசு காசுதானே. அவர் கோபம் நியாயமானது.

பகலில் சில சமயம் மணி அடித்து, மெஷின் எடுத்து, ஒன்றும் பேசாமல் அரை நிமிடம் பச்சை விளக்கு எரிந்து அணையும். தவறான எண் என்று விட்டுவிட்டேன். கையேட்டை இரண்டாவது முறை படித்தபோதுதான் 'ரூம் மானிட்டர்' என்ற பத்தியில் கண் நின்றது. வெளியிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து, இரண்டு இலக்க ரகசிய எண்ணை அமுக்கினால் செய்திகளைக் கேட்கலாம், அழிக்கலாம். இன்னொரு பொத்தானை அமுக்கினால் மெஷினின் மைக் வழியாக அறையில் நடக்கும் பேச்சைக் கேட்கலாம். வீட்டின் பாதுகாப்புக்காக, குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதற்காக என்று எழுதியிருந்தது.

எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை.

அன்றிரவு கேட்டேன். "நீ நல்லா இருக்கியான்னு பார்க்கத்தான்" என்றார். குரலை உயர்த்தாத மனிதர். கை நீட்டியதில்லை. அதனாலேயே இதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று எனக்குப் பல வருடம் தெரியவில்லை. மறுநாள் காலையில் கையேட்டைப் பார்த்து ரகசிய எண்ணை மாற்றினேன். இரண்டே இலக்கம்தான். நூறு எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் அகப்பட்டுவிடும். அவர் போட்டுப் பார்க்கவில்லை. நான்கு நாள் என்னோடு பேசவும் இல்லை.

அடுத்த கட்டடத்தில் கரூர்க்காரர் ஓர் அக்கா மகளோடு தனியாகக் குடிவந்தார். பச்சை அட்டை வைத்திருந்த கணவரை விட்டு வந்தவர். 1994இல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம், துன்புறுத்தும் கணவன் கையெழுத்து இல்லாமலேயே அவர் போன்ற மனைவிகள் தாங்களாகக் குடியுரிமைத் துறைக்கு விண்ணப்பிக்க வழி செய்திருந்தது. கணவன் குடிமகனாகவோ பச்சை அட்டை உள்ளவனாகவோ இருக்க வேண்டும். எச்-4 மனைவிக்கு அந்த வழி இல்லை. நியூஜெர்சியில் 1985 முதல் இயங்கிய 'மானவி' போன்ற தெற்காசியப் பெண்கள் அமைப்புகள் இருந்ததால் இப்படிப்பட்ட தகவல்கள் எங்கள் காதுவரை வந்தன. உதவி கேட்டு அழைக்கும் பெண்ணிடம் இத்தகைய இடங்களில் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று: உங்கள் வீட்டு மெஷினில் நாங்கள் செய்தி விடலாமா?

அக்காவிடம் இருந்தது பழைய டேப் மெஷின். எப்படியோ எண்ணைக் கண்டுபிடித்து அவர் கணவர் பேசுவார். முதலில் அழுகை, அப்புறம் கெஞ்சல், அப்புறம் மிரட்டல். அக்கா வக்கீலிடம் போனபோது அவர் கேட்ட முதல் பொருள் அந்த டேப். ஒருவர் பேச்சை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தால் சட்டச் சிக்கல் வரலாம். ஆனால் பீப் கேட்டபிறகு பேசியவர், பதிவாகிறது என்று தெரிந்துதான் பேசுகிறார். அக்கா குட்டி டேப்பை உருவி உறையில் போட்டுக் கொடுத்தார். மொழிபெயர்த்துச் சொல்ல நான் போயிருந்தேன். 'உங்கப்பன் தலையில துண்டப் போட வெக்கிறனா இல்லையா பாரு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? துண்டை விளக்கி, தலையை விளக்கி, அப்பாவை விளக்கி முடிக்கும்போது வக்கீல் மூன்று பக்கம் எழுதியிருந்தார்.

பழைய மெஷின் சீக்கிரமே டேப்பைச் சிக்கலாக்கி மடிந்தது. தள்ளுபடியில் டிஜிட்டல்தான் மலிவாகக் கிடைத்தது. தனியாக இருக்கும் பெண் தன் குரலில் வரவேற்புச் செய்தி வைக்காதே, ஆண் குரலில் வை, 'நான் வெளியே போயிருக்கிறேன்' என்று சொல்லாதே என்பது அமெரிக்காவில் அந்த நாளில் எல்லோரும் சொன்ன பாதுகாப்பு யோசனை. அக்காவுக்குக் குரல் கொடுக்க ஆண் வேண்டும். என் கணவர்தான் பேசிக் கொடுத்தார், அதே "நாங்கள்" வாக்கியத்தை. நல்ல எண்ணத்தோடுதான். பத்து நாளில் கரூருக்குச் செய்தி போய்விட்டது: உங்க பொண்ணு வீட்டுல ஆம்பளைய வெச்சிருக்கா, போன எடுத்தா அவன்தான் பேசறான். அக்காவின் அப்பா அதற்குப் பிறகு இரண்டு மாதம் போன் செய்யவில்லை. தனியாக வாழும் அமெரிக்கப் பெண்ணைக் காக்க வந்த யோசனை, எங்கள் ஊர் நாக்கில் விழுந்து நடத்தைப் பழியாகத் திரும்பியது.

"அழிச்சிருலாங்கண்ணு. எங்கொரலே இருக்கட்டும்" என்றார் அக்கா. தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் பெயரைச் சொல்லிப் பதிவு செய்தார்.

1999 செப்டம்பரில் ஃபிளாய்ட் புயல் நியூஜெர்சியை வெள்ளக்காடாக்கியது. எங்கள் பக்கம் மின்சாரம் போனது. அதற்கு முந்தைய நாள்தான், மகளைப் பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அக்காவின் மெஷினில் ஒரு செய்தி வந்திருந்தது. மின்சாரம் போனாலும் செய்தியைக் காப்பாற்ற மெஷினின் அடியில் 9 வோல்ட் பேட்டரி ஒன்று போட வேண்டும். அது புகை எச்சரிக்கை மணிக்குள் போயிருந்தது. மின்சாரம் திரும்பியபோது மெஷின் பூஜ்யம் காட்டியது. கிழமை, மணி சொல்லும் ஆண் குரலும் நேரம் சரி செய்யச் சொல்லிக் கேட்டது.

வக்கீல் டேப் எங்கே என்றார். டேப் இல்லை என்றோம். உருவி எடுக்க ஒன்றுமே இல்லாத பெட்டி அது. தொழில்நுட்ப வரலாறுகளில் டேப்பிலிருந்து சில்லுக்கு மாறியதை முன்னேற்றம் என்றே எழுதுகிறார்கள். தேய்மானம் இல்லை, சிக்கல் இல்லை, தேடல் இல்லை. எல்லாம் உண்மை. உறையில் போட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஒரு பொருள் இல்லாமல் போனதைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் ஒரு வரி இல்லை. அக்கா வீட்டு வாசலில் நின்று யோசித்தவர்கள் யாரும் அவற்றை எழுதவில்லை.

செய்திகள் மறுபடியும் வந்தன. இந்த முறை காத்திருக்கவில்லை. நான் ஊரிலிருந்து கொண்டுபோன டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வெற்று கேசட் இல்லை. இருந்தது பாட்டு கேசட்தான். கடையில் வாங்கிய கேசட்டின் மேல் விளிம்பில், மேலே பதிவு செய்ய முடியாதபடி ஓட்டை இருக்கும். அதை செலோ டேப் ஒட்டி மூடினால் பதிவாகும். இந்த வித்தை தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? மகளைத் தூங்கவைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தி, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, மெஷினின் ஸ்பீக்கரிடம் ரிக்கார்டரின் மைக்கை வைத்து ஒவ்வொரு செய்தியாக ஓட விட்டோம். மிரட்டல், கிழமை, மணி. மிரட்டல், கிழமை, மணி. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார், தன் மூச்சு பதிவாகிவிடக் கூடாது என்று.

1991ஆம் ஆண்டின் நியூஜெர்சி குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவருக்குத் தடை ஆணை கிடைத்தது. குட்டி டேப், கேசட், மகளின் பள்ளி ஆசிரியை சொன்னது எல்லாம் சேர்ந்து. கேசட்டால் மட்டும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

அந்த கேசட்டை முதன்முதலில் வக்கீல் அறையில் போட்டுக் கேட்டோம். கடைசி மிரட்டல் முடிந்து, அந்த ஆண் குரல் ஞாயிறு, இரவு பதினொன்று நாற்பது என்று சொல்லி ஓய்ந்தது. அதோடு நாங்கள் பதிவு செய்தது முடிந்தது. யாரும் பொத்தானை அமுக்குவதற்குள் பாட்டின் நடுவிலிருந்து வயலின்கள் கிளம்பின. வக்கீல் பேனாவை நிறுத்திவிட்டு, இதுவும் அவர் விட்ட செய்திதானா என்று கேட்டார்.

"இல்லீங்க, இது இளையராஜா" என்றார் அக்கா, தமிழிலேயே.

வக்கீல் எழுத்துக்கூட்டிக் கேட்டு அந்தப் பெயரையும் குறித்துக்கொண்டார்.