சாயப்பட்டறை ஊருக்குக் காவிரி வந்த கதை

வெள்ளை பனியன் மட்டும் தயாரித்த காலத்தில் திருப்பூருக்குச் சலவைப்பட்டறைகளே போதுமானவையாக இருந்தன. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியதும் வெளிநாட்டார் கேட்டது வண்ண டி-ஷர்ட். நொய்யல் ஆற்றின் கரையெங்கும் சாயப்பட்டறைகள் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உப்பு ஆற்றில் கலந்து கிணறுகளுக்குள் இறங்கியது.

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. கிணற்று நீர் குடிக்கவும் ஆகவில்லை, சாயமேற்றவும் ஆகவில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டறைகளுக்கு லாரியில் தண்ணீர் வந்தது. பாசனத்துக்கென நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலோ சாயக்கழிவு தேங்கி நின்றது.

நல்ல தண்ணீர் வேண்டுமானால் காவிரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் பவானி அருகே ஆற்றிலிருந்து 50 கி.மீ.க்கு மேல் குழாய் பதித்தது. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. பட்டறைகளுக்குக் கூடுதல் விலை, வீடுகளுக்குக் குறைந்த விலை. நிலத்தடி நீரைக் கெடுத்த தொழிலே ஊரின் குடிநீர்ச் செலவில் ஒரு பங்கைச் சுமந்தது நியாயமான ஏற்பாடு. ஆனால் கழிவு ஆற்றில் கலப்பது நிற்காததால், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்து, அதே நீரைத் திரும்பப் பயன்படுத்தத் தொடங்கிய பட்டறைகளுக்குக் காவிரி நீரின் தேவை குறைந்தது.

கிணற்றுக்கு மாற்றாக வந்த குழாயையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் தோண்டியெடுப்பது காரீயக் குழாய்களை. நம் வீடுகளில் பரவலாக இருப்பது பி.வி.சி. அதை உருக்கி வார்க்கும்போது சூட்டில் சிதையாதிருக்க இந்தியாவில் நெடுங்காலம் காரீய உப்புகளைச் சேர்த்தார்கள். அந்தக் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கசியக்கூடும். கிணற்று நீரின் உப்பை நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். நீரில் கரைந்த காரீயத்துக்கு நிறமில்லை, சுவையில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். காய்ச்சினாலும் நீங்காது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் இதில் தலையிட்டது. 2021இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பி.வி.சி. குழாய்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. அவை குழாய் தயாரிப்பாளர்களுக்கானவை. ஏற்கெனவே சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் கிடக்கும் குழாயை மாற்றும் வேலை வீட்டுக்காரர் தலையில்தான். அதுவரை, இரவெல்லாம் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் குடிக்கப் பிடிப்பது நல்லது.