கிளைவ் தெரு - 14: லிஃப்ட்டில் ஏறக் கூடாத தரகர்

1947 ஜூலை 15. அமெரிக்கக் கடனின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு, பவுண்டை டாலராக மாற்றித் தர லண்டன் ஒப்புக்கொண்டது. ஐந்தே வாரத்தில் கஜானா தாங்காமல் கதவைச் சாத்தியது. இத்தொடர் இந்த வாரம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் கல்கத்தாவின் கிளைவ் தெருவைக் கடக்கவிடாமல் ஒரு மனிதர் வழிமறிக்கிறார்.

பெயர் கன்ஷியாம்தாஸ் பிர்லா. ராஜபுதனத்துப் பிலானியில் 1894-ல் பிறந்த மார்வாடி. பதினாறு வயதிலேயே கல்கத்தாவில் சொந்தமாகத் தரகுத் தொழில் தொடங்கிவிட்டார். சரக்கு பேச ஆங்கிலேயக் கம்பெனிகளுக்குப் போவார். அங்கே அவர் லிஃப்ட்டில் ஏறக் கூடாது. துரையைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்தில் பெஞ்சில் உட்காரவும் கூடாது. அந்த அவமானம்தான் தன்னை அரசியல் பக்கம் திருப்பியது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

திரும்பிய பக்கம் சாதாரணமானதல்ல. 1914 ஆகஸ்ட் 26 அன்று, ரோடா என்ற ஆயுதக் கம்பெனிக்காகச் சுங்க அலுவலகத்திலிருந்து புறப்பட்ட ஏழு மாட்டுவண்டிகளில் ஒன்று மட்டும் கடைக்குப் போய்ச் சேரவில்லை. அதில் 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. வண்டிக்காரன் வேடத்தில் இருந்தவர் ஹரிதாஸ் தத்தா என்ற புரட்சிக்காரர். அந்தக் கம்பெனியிலேயே குமாஸ்தாவாக இருந்த ஸ்ரீஷ் மித்ரா உள்ளிருந்தே உதவிய திட்டம் அது! போலீஸ் வலை வீசியபோது, இதில் தொடர்பு இருப்பதாகச் சந்தேகத்துக்கு ஆளான பிர்லாவும் ஏறக்குறைய மூன்று மாதம் தலைமறைவாக இருந்தார். நண்பர்கள் தலையிட்டதால் சிறைக்குத் தப்பினார்.

பிர்லாவை லாபவேட்டைக்காரர் என்று மட்டும் ஒதுக்குகிறவர்கள் இந்த மூன்று மாதங்களைப் படிக்காதவர்கள்.

ஹூக்ளிக் கரையின் சணல் ஆலைகள் அப்போது ஸ்காட்லாந்துக்காரர்களின் கோட்டை. 1855-ல் ரிஷ்ராவில் முதல் ஆலை வந்தது. சணல் விளைவித்தவர் வங்க விவசாயி, தறியில் நின்றவர் பீகார்க் கூலி. லாபக் கணக்கு எழுதப்பட்டதோ ஆண்ட்ரூ யூல், பேர்ட் போன்ற மேனேஜிங் ஏஜென்சிகளில். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்கு மணல் மூட்டைகள் கோடிக்கணக்கில் தேவைப்பட, கல்கத்தா பணத்தில் மிதந்தது. அந்தக் கோட்டைக்குள் 1919-ல் பிர்லா தன் ஆலையோடு நுழைந்தார். இந்தூர் வணிகர் ஹுக்கும்சந்தும் அதே காலத்தில் வந்தார். ஆலை அதிபர் சங்கம், வங்கி, கப்பல் எல்லாம் எதிரணியின் கையில். போதாததற்கு 1920-ல் 2 ஷில்லிங்கைத் தாண்டியிருந்த ரூபாய், அடுத்த ஆண்டு 1 ஷில்லிங் 4 பென்சுக்கும் கீழே சரிந்தது. வெளிநாட்டிலிருந்து இயந்திரம் தருவித்தவர்களின் செலவு எகிறியது. பிர்லா ஆலையை மூடவில்லை. 1927-ல் புருஷோத்தம்தாஸ் தாக்கூர்தாஸுடன் சேர்ந்து, இந்திய வணிகர்களுக்கென்றே ஃபிக்கி என்ற கூட்டமைப்பையும் எழுப்பினார்.

பிரிட்டனின் சரிவை டெல்லியிலும் வெஸ்ட்மின்ஸ்டரிலும் மட்டும் தேடுவது தவறு. சணல் கம்பெனிப் பங்குகள் கொஞ்சம் கொஞ்சமாக மார்வாடிகளின் பெட்டகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இயக்குநர் நாற்காலிதான் துரைகளிடம் மிஞ்சியது. 1951-ல் டங்கன் பிரதர்ஸ் என்ற துரைகளின் கம்பெனி கோயங்கா என்ற மார்வாடிக் குடும்பத்தின் கைக்கு வந்தபோது அந்த நாற்காலியும் போயிற்று.

இரண்டாம் உலகப் போர் கணக்கையே தலைகீழாக்கியது. இந்தியாவில் வாங்கிய சரக்குக்கும் படைச் செலவுக்கும் லண்டன் கையில் காசு கொடுக்கவில்லை. பவுண்டில் கடன் எழுதி வைத்தது. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சாகிக் குவிந்தது, விலைவாசி பறந்தது. 1943-ல் வங்கத்தில் சுமார் 30 லட்சம் பேர் பஞ்சத்தில் மாண்டார்கள். போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்தது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. பட்டினியால் சேர்ந்த பணம் அது. இந்தியாவைக் காத்ததற்கு எதிர்க்கணக்கு எழுதி அதைக் கழித்துவிட வேண்டும் என்று வாதாடிய சர்ச்சிலை மன்னிக்க எந்த நியாயமும் இல்லை.

அந்தக் கடனுக்காக நடந்த பேரம் அடுத்த வாரம்.